பசியடங்க நான் சொன்ன யோசனை

என் இடுப்பின் சரித்திரம் தெரிந்தவர்கள் யாரும் பசியை அடக்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்கத் துணிய மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போன மாதம் காஞ்சிபுரத்தில் பழைய கம்பவுண்டர்கள் சிலர் கூடி டீ குடித்தபோது அந்த நினைப்பில் மண் விழுந்தது. நான் ஒரே வடையோடு நிறுத்திக்கொண்டதை, இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பி ஒருவர் கவனித்துவிட்டார்.

"சார், எங்க டிஸ்பென்சரிக்கு வர்றவங்கள்ல நாலு பேர் பசி கொறையறதுக்கு மாத்திரை கீதான்னு கேக்கறாங்க. டவுன்ல புதுசா வந்துகீதாம். மாத்திரை இல்லாம இயற்கையா எதனா வழி கீதா? உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே."

"தெரியும்பா. ஒரு தடவை ஒருத்தருக்குச் சொல்லிட்டுத்தான் வாயக் கட்டிக்கினு கீறேன்."

"அப்ப எழுதிக் குடுங்க சார்."

பேசினால்தானே வம்பு, எழுதினால் என்ன என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேறு வேலையும் இல்லை.

நான் கம்பவுண்டர் வேலை கற்றது செங்கல்பட்டில். அவுன்ஸ், டிராம் அளப்பது, கல்வத்தில் அரைப்பது, எந்த மருந்தை எதோடு சேர்த்தால் பாட்டில் வெடிக்கும் என்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்திலிருந்து எனக்கு இன்றும் துல்லியமாக நினைவிருப்பது விடுதியில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்பதுதான். பாஸ் செய்தேன். நாலைந்து ஊர் மாறினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் பக்கத்தில் ஒரு கிராமத்து டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வாசலில் ஒரு வேப்பமரம், எடை பார்க்கும் மெஷின் ஒன்று. நான் ஏறினால் அந்த மெஷினின் முள் கடைசி வரை ஓடி, போக இடமில்லாமல் நடுங்கும்.

அங்கே டாக்டர் ஒரு அம்மாள். எஸ்தர் என்று பெயர். தெற்கத்திக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் கொண்டு வரும் டப்பாவை முதல் நாள் பார்த்தபோது, ஊறுகாய் தனியாக வந்திருக்கிறது, சாப்பாடு பின்னால் வரும் என்று நினைத்தேன். அதுதான் சாப்பாடு.

அவர் யாரையும் அதட்டியதை நான் கேட்டதில்லை. வயலில் இருந்து சேற்றுக் காலோடு வருகிறவர்களையும் "வாங்க, உக்காருங்க" என்பார். இது அந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கமில்லாத மரியாதை. சிலர் தமக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். காலில் முள் குத்தி வந்தவரானாலும் சரி, காது வலி ஆனாலும் சரி.

"கடைசியா என்ன சாப்ட்டீங்க?"

அதற்குப் பிறகுதான் நாடி, நாக்கு எல்லாம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துத் தம்பிகளுக்கு மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுத்தான் பழக்கம். அப்போது எல்லாம் தண்ணீர் மருந்து. நோயாளிகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வர வேண்டும். நான் அதைக் கழுவி, சீட்டைப் பார்த்து மருந்து ஊற்றி, தக்கை வைத்து அடைப்பேன். பிறகு ஒரு நீளமான வெள்ளைக் காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரித்தால், பிரிக்கும்போது வரிசையாகப் பல் பல்லாக வரும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேளை மருந்து. இதுதான் டோஸ் காகிதம். பசை தடவி பாட்டிலின் பக்கத்தில் செங்குத்தாக ஒட்டிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் சரியாகக் குடிக்கலாம். கத்தரிப்பதில் என் கைக்கு நல்ல பெயர் உண்டு. என் உடம்பில் அளவு தெரிந்த ஒரே உறுப்பு கைதான்.

மிக அதிகமாகச் செலவானது ஒரு கசப்பு மருந்து. காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு நாக்கு செத்திருக்கும், சோறு இறங்காது. இதை இரண்டு வேளை குடித்தால் பசி எடுக்கும். டாக்டரம்மா எழுதாவிட்டாலும், காய்ச்சல் சீட்டோடு வருகிறவர்களுக்கு "அம்மா, இவருக்குக் கசப்பும் குடுத்துடட்டா?" என்று நானே கேட்டு வாங்கிக் கொடுப்பேன். பசி எடுப்பது உலகத்திலேயே நல்ல விஷயம் என்பது அப்போது என் கொள்கை.

அந்தக் கொள்கை ஒரு கல்யாணத்தில் போயிற்று. ஊரில் ஒரு முகூர்த்தம். பத்து மணிக்குப் பந்தி. இரண்டு பாயசத்துக்கு நியாயம் செய்துவிட்டு டிஸ்பென்சரிக்குத் திரும்பி லேபிள் ஒட்ட உட்கார்ந்தேன். கண் செருகியது. செருகிய கண்ணோடு ஒரு கிழவரின் இருமல் மருந்து பாட்டிலில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற லேபிளை ஒட்டிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அவருடைய மருமகளுக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து மனிதர் வந்தார்.

"இருமலு கொஞ்சம் தேவலாம்மா. ஆனா தெனம் மூணு வேள மார்ல தடவிக்கினு படுத்தா எறும்பு மொய்க்குது. அதுக்கு ஒரு மருந்து குடுங்க."

டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். கிழவருக்கு வேறு பாட்டில் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நோயாளி உட்காரும் நாற்காலி.

"கம்பவுண்டர், அன்னைக்குக் கடைசியா என்ன சாப்ட்டீங்க?"

சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டு, ஒரு சீட்டை எடுத்து, என் பெயர், வயது போட்டு எழுதத் தொடங்கினார். மருந்து ஒன்றும் இல்லை. சோற்றுக்குக் கால் மணி முன்னால் ஒரு சொம்பு தண்ணீர், கிடைத்தால் நீர்மோர். இலையில் முதலில் கீரையும் காயும், சோறு அதற்குப் பிறகு. காலையில் இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள வேகவைத்த கொள்ளு. அது நின்று தாங்கும் என்றார். ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்ல வேண்டும். இரண்டாவது தடவை சோறு கேட்பதற்கு முன் எழுந்து போய்க் கிணற்றில் ஐந்து குடம் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, பசி இன்னும் இருக்கிறதா என்று வயிற்றைக் கேட்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் மேற்கொண்டு தின்னத் தோன்றாது. ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும், கண் விழிக்கிறவனுக்கு அதிகம் பசிக்கும்.

வீட்டில் சீட்டைப் படித்துக் காட்டினேன். என் மனைவி சம்பூரணம் சிரிக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பயம்.

முதல் வாரம் பெரிய பேஜார். இருபது மெல்லுவதற்குள் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். கிணற்று விஷயம் இன்னும் மோசம். ஐந்து குடம் இறைத்துவிட்டு வந்தால் முன்னைவிட அதிகமாகப் பசித்தது.

"இன்னாங்க இது, எறைக்கறதுக்கு முன்ன ஒரு ஆளு சோறு கேட்டீங்க. எறைச்சிட்டு வந்து ரெண்டு ஆளு சோறு கேக்கறீங்க," என்றாள் சம்பூரணம். "டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கினு வாங்க, கொடத்துல எதனா ஓட்டை கீதான்னு."

இரண்டாவது வாரம் அது அடங்கிற்று. உட்கார்ந்து யோசித்தால் விஷயம் சுலபம். வயிறு நிறைந்தது என்ற சேதி வாய்க்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. நான் அந்தச் சேதி வருவதற்குள் மூன்று கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். கிணறு அந்த நேரத்தைக் கொடுத்தது. ஆறு மாதத்தில் பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை. எடை மெஷின் முள் ஓர் இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது.

தனக்கு ஒரு விஷயம் பலித்துவிட்டால் அடுத்தவனைச் சும்மா விடுவோமா? டோஸ் காகிதம் கத்தரித்துக்கொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் ஓத ஆரம்பித்தேன். அரிசி மில் வைத்திருந்த ரெட்டியாருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டரம்மா சோற்றைக் குறைக்கச் சொன்னார். எப்படிக் குறைப்பது என்று நான் மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியாகப் பிரசங்கம் செய்தேன். இரண்டு மாதத்தில் அவர் சட்டை தொளதொளத்தது. "டாக்டரு மருந்து பாதி, கம்பவுண்டரு வாயி பாதி" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த நிலையில்தான் அஞ்சலை வந்தாள்.

ஒரு பங்குனி மாதம். முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. தை முடிவதற்குள் ஏரியில் தரை தெரிந்தது. கோடையில் நடும் சொர்ணவாரிப் பயிருக்கு யாரும் நாற்று விடவில்லை. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

அஞ்சலை காலனியிலிருந்து வருகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். நடவில் முதல் கை அவளுடையது, வாயும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு முன் காய்ச்சல் என்று வந்திருந்தாள். காய்ச்சல் மருந்தோடு நான் வழக்கம்போலக் கசப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது அந்தக் கசப்பு பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்து ஜன்னலில் வைத்தாள்.

"இந்தா கம்பண்டரய்யா. இத நீயே வச்சிக்க."

"இன்னா அஞ்சல, ரெண்டு டோஸ்தான் கொறஞ்சிகீது? மீதிய யாரு குடிக்கறது?"

"ரெண்டு வேள குட்ச்சதுக்கே வயிறு சோறு சோறுங்குது. வூட்டுப் பானையில இன்னா கீதுன்னு இந்த மருந்துக்குத் தெரிய வேணாமா? கேட்டுட்டு இல்ல பசிக்கணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

"அந்த ரெட்டியாருக்கு இன்னாமோ சொன்னியாமே, பசி அடங்கறதுக்கு. அத எனக்குச் சொல்லு."

"உனக்கு எதுக்கு? நீயே ஊதினாப் பறக்கற மாதிரி கீற."

"சொல்லுய்யா. காதாலதானே கேக்கறேன், உன் மருந்தையா கேக்கறேன்."

சொன்னேன். ரெட்டியாருக்குச் சொன்னதைவிட ரசித்துச் சொன்னேன். கேட்க ஆள் இருந்தது, வரிசையும் காது கொடுத்தது. அவள் ஒன்றொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கீரை, கொள்ளு, மோர் என்றபோது கையால் அவற்றை ஒதுக்கினாள். தண்ணீர், உப்பு, மெல்லுவது, சீக்கிரம் படுப்பது ஆகியவற்றை வைத்துக்கொண்டாள்.

"ஈரத்துணிய வயித்துல இறுக்கிக் கட்டிக்கறது எங்களுக்கும் தெரியும்யா. புளியங்கொட்டை வறுத்து மெல்லறதும் தெரியும். அதுலாம் உச்சி வரிக்கும்தான் தாங்குது. நீ சொல்றது பொழுது சாயற வரிக்கும் தாங்குமா?"

"தாராளமா தாங்கும்," என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை. இருபது தடவை மென்றாலும்.

அவள் போனாள். நான் அடுத்த பாட்டிலைக் கழுவினேன்.

சித்திரை பிறந்ததும் ஏரியைத் தூர் எடுக்கும் வேலை தொடங்கிற்று. அஞ்சலையும் அவள் புருஷன் எல்லப்பனும் மண் சுமக்கப் போனார்கள். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். தாழ்வாரத்தை ஒட்டி ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. எல்லப்பன் அஞ்சலையைத் தூக்கி இறக்கினான். கரையேறும்போது கூடையோடு விழுந்துவிட்டாளாம். முகத்தில் மண். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நினைவு இருந்தது, ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவள் சிரமப்பட்டாள்.

டாக்டரம்மா பெஞ்சில் படுக்க வைத்தார். எல்லோரையும் வெளியே அனுப்பினார். என்னை மட்டும் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு வரச் சொன்னார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அடிவயிற்றில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"எத்தனாவது மாசம்?"

"ஆறும்மா."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா மேஸ்திரி வேலைக்குச் சேத்துக்க மாட்டாரும்மா."

டாக்டரம்மா கரண்டியால் குளுக்கோஸ் தண்ணீரை வாயில் விட்டார். இரண்டு கரண்டி இறங்கியதும் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா என்ன சாப்ட்டீங்க?"

"தண்ணி குட்ச்சேம்மா. உப்பு போட்டு."

"குடிச்சது சரி. சாப்ட்டது?"

"அதாம்மா. கம்பண்டரய்யா சொன்னாப்ல. முன்னாடி ஒரு சொம்பு தண்ணி குட்ச்சிட்டு, எல்லாரும் துன்ன அப்பால பானையில கீறத மெதுவா மென்னுக்கினே இருந்தா அடங்கிடுது." என் பக்கம் திரும்பி, நன்றி சொல்வது போலச் சொன்னாள். "நல்லாத்தான்யா வேல செஞ்சிது. நேத்து வரிக்கும் ஒண்ணுமே தெரியல."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த காலம் அது. கோடை லீவில் பள்ளிக்கூடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிள்ளைகளின் அந்த ஒரு வேளை இவள் பங்கிலிருந்து போயிருக்கிறது. மண் சுமக்கிற எல்லப்பனுக்கு ஒரு கரண்டி கூடுதல். அதுவும் இவள் பங்கிலிருந்து. நான் சொன்ன வழியில் அவளுக்குப் பசி அடங்கிற்று. உள்ளே இருந்த குழந்தைக்கு யார் சொல்வது?

'தாராளமா தாங்கும்' என்று சொன்ன வாய் என்னுடையது. இன்னொரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்தேன்.

டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்தார். குழந்தைத் துடிப்பு இருக்கிறது, ஆனால் மந்தம், இப்படியே போனால் தாய், பிள்ளை இரண்டு பேரும் தங்குவது கஷ்டம் என்றார். பிறகு கேட்டார்.

"இவங்களுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

"மருந்து ஒண்ணும் குடுக்கலீங்க. யோசனைதான் சொன்னேன்."

"ரிஜிஸ்டர்ல எழுதினீங்களா?"

"இல்லீங்க."

"எழுதுங்க. பங்குனியில அவங்க வந்த தேதிக்கு நேரா. மருந்துங்கற இடத்துல."

"மருந்து இல்லியேம்மா அது."

"அவங்க அதை மருந்தாத்தானே சாப்ட்டிருக்காங்க."

குரல் உயரவில்லை. பக்கத்தைப் புரட்டி, அஞ்சலை என்ற பெயருக்கு நேரே 'பசியடங்க யோசனை' என்று எழுதினேன். டாக்டரம்மா பக்கத்தில் சிவப்பு மையால் சுருக்கொப்பம் போட்டார். என் சர்வீஸில் நான் எழுதிய எத்தனையோ ஆயிரம் வரிகளில் அந்த ஒன்றின் கையெழுத்து மட்டும் என்னுடையது போல இல்லை.

பிறகு அவர் ஒரு சீட்டு எழுதி என்னிடம் நீட்டினார். மற்ற மருந்துச் சீட்டுகளைப் போலவேதான் எழுதியிருந்தார். கேழ்வரகுக் கஞ்சி. பாட்டில் ஒன்று. நாலு டோஸ். தினம்.

"நம்ம ஸ்டாக்குல கஞ்சி இல்லீங்களே அம்மா," என்றேன்.

"உங்க வீட்டு ஸ்டாக்குல?"

என் காலைக் கூழ் ஞாபகம் வந்தது. நின்று தாங்கும் கூழ். தலையாட்டினேன். ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது.

"சட்டியில குடுத்து அனுப்பிடலாமே அம்மா. பாட்டில் எதுக்கு?"

"சட்டியில குடுத்தா அது சாப்பாடு. வீட்டுக்குப் போனதும் பங்கு போட்டுடுவாங்க. அவங்களுக்கு மிஞ்சாது. பாட்டில்ல குடுத்தா மருந்து. அடுத்தவங்க மருந்துக்கு யாரும் கை நீட்ட மாட்டாங்க."

இருபது வருஷம் பாட்டில் கழுவிய எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் சம்பூரணத்திடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு கேழ்வரகு மாவில் வெல்லம் சேர்த்து, ஊற்றினால் இறங்கும் பதத்தில் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். பச்சைக் கண்ணாடிப் பாட்டில் இரண்டு தேடி எடுத்தேன், உள்ளே இருப்பது தெரியாமல் இருக்க. டிஸ்பென்சரி ஓமத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டேன், வாசனைக்கு. டோஸ் காகிதத்தை நாலு பல்லாகக் கத்தரித்து ஒட்டினேன். 'குலுக்கிக் குடிக்கவும்' லேபிள். ஒட்டுவதற்கு முன் மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

மண் சுமக்கக் கூடாது, வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் ஊற்றும் வேலை கொடுக்கலாம் என்று டாக்டரம்மா மேஸ்திரிக்கு ஒரு சீட்டும் எழுதினார். டாக்டர் சீட்டு என்பதால் அவர் ஒப்புக்கொண்டார்.

தினம் காலையில் ஏரிக்குப் போகிற வழியில் அஞ்சலை பழைய பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் டோஸ் என் எதிரில். எல்லப்பன் ஒருநாள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாய்யா மருந்து இது, கொழகொழன்னு கீது?"

"புது மருந்துப்பா. நீ குட்ச்சா உனக்கு வவுத்துல புள்ள வந்துடும்."

அவன் பாட்டிலைச் சட்டென்று அவளிடம் கொடுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் திரும்பி வந்த பாட்டிலில் இரண்டு பல் அளவு கஞ்சி மிச்சம் இருந்தது, புளித்துப் போய்.

"யாருக்கனா எடுத்து வச்சியா?"

"இல்லய்யா. பெரியவன் மோந்து பாத்துட்டு ஓமம்னு ஓடிட்டான்."

"அப்பறம்?"

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலு வேளயும் குட்ச்சா வவுறு பழகிடும்யா. அடக்கி வச்சத நீ எழுப்பி வுட்டுட்டு, ஒரு நாளு மருந்து இல்லன்னு சொன்னா, நான் இன்னா பண்றது?"

என் வாயின் மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பழைய சீட்டை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தார். 'பிரசவம் வரை ரிப்பீட். அதற்குப் பிறகு மூன்று மாதம் ரிப்பீட்.' கையெழுத்துப் போட்டு, "இதை அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றார்.

"இது இன்னாய்யா?"

"சர்க்காரு சீட்டு. இது உன் கையில கீற வரிக்கும் மருந்து குடுத்தே ஆவணும். இல்லன்னா என் வேல பூடும்."

வேலை போகாது. அவளுக்கு அது தேவைப்பட்டது, சொன்னேன். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எதிரில் நின்று முதல் டோஸைக் குடித்தாள். அடுத்த நாள் பாட்டில் காலியாக வந்தது.

இதில் என் பங்கைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தினம் நாலு டோஸ் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து போனால் எங்களிடம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சம்பூரணம் பானையைப் பெரிதாக்கப் பார்த்தாள். மாவு எல்லோர் வீட்டிலும் அளவாகத்தான் இருந்தது அந்த வருஷம். மத்தியானம் முதல் தடவை சாப்பிட்டுவிட்டு இரண்டாவதுக்குக் கை நீட்டும்போது அந்தப் பச்சைப் பாட்டில் ஞாபகம் வரும். கை திரும்பிவிடும். கிணற்றுக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தம்பி கேட்ட இயற்கை வழிகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி ஆயிற்று. ஆடி முடிகிற சமயத்தில் ஒரு காலை அஞ்சலை வரவில்லை. கஞ்சி ஊற்றிய பாட்டில் ஜன்னலில் ஆறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு காலனிக்குப் போயிருந்தார். நான் அன்று ஒரு பாட்டிலையே நாலு தடவை கழுவினேன். வரிசையில் இருந்தவர்கள் மருந்து கேட்டால், யார் எதற்கு வந்தார்கள் என்று மறுபடி மறுபடி கேட்டேன். உச்சிப்பொழுதுக்கு டாக்டரம்மா குடையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பெண் குழந்தை. சின்னதா இருக்கு. அழுதுது." பிறகு ஜன்னலைப் பார்த்து, "கஞ்சி கெட்டுடறதுக்குள்ள குடுத்து அனுப்புங்க" என்றார்.

நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று மாத ரிப்பீட்டும் முடிந்தது. அந்த ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. ஏரி நிரம்பி, பின்னால் நட்ட சம்பா தையில் விளைந்து நின்றது.

தம்பி கேட்ட, பசியை அடக்கும் வழிகள் இவ்வளவுதான். தண்ணீர், கீரை, கூழ், கிணறு, எல்லாம். எல்லாமே பலிக்கும், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் சொல்வதற்கு முன் கடைசியாக என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தம்பிக்கு இதைத்தான் முதலில் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தத் தையில் அறுவடை தொடங்கிய வாரம் ஜன்னலில் ஒரு பச்சைப் பாட்டில் வந்து நின்றது. அஞ்சலைதான். இடுப்பில் குழந்தை, தலைமுடியெல்லாம் வைக்கோல் தூசி. பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள். பளபளவென்று இருந்தது. ஆனால் டோஸ் காகிதத்தை மட்டும் நனைக்காமல் சுற்றிக் கழுவியிருக்கிறாள். நாலு பல்லும் அப்படியே இருந்தன.

"இன்னா அஞ்சல, மறுபடியும் கஞ்சியா?"

"கஞ்சி இன்னாத்துக்கு? களத்துல நெல்லு அளந்து போட்டுட்டாங்க. வூட்ல சோறு கீது." பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். "பங்குனியில ஒண்ணு குடுத்தியே, கசப்பா. அத இதுல ஊத்து."

"அது பசி எடுக்கற மருந்தாச்சே. வேணாம்னு நீதான திருப்பிக் குடுத்த?"

"அப்ப வேணாம். இப்ப நல்லா எடுக்கட்டும்யா. பாத்துக்கலாம்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார். அஞ்சலையைப் பார்த்து, "கடைசியா என்ன சாப்ட்டீங்க?" என்றார்.

"சோறும்மா. கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு தடவ போட்டுக்கினேன்."

டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். நான் கசப்பை அளந்து ஊற்றினேன். பழைய காகிதத்தின் மேல் புதிய காகிதம் ஒட்ட மனம் வரவில்லை. அதே நாலு பல்லோடு விட்டுவிட்டேன். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, அஞ்சலை என்ற பெயருக்கு நேரே, மருந்து என்ற இடத்தில், 'பசி எடுக்க' என்று எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்து என்னுடையதாகவே இருந்தது.